றேலிப் பிரபுவும் அவர் குடும்பமும்

செல்வம் பெறுதற்குரிய நெறி வேறு, அறிவு பெறுதற்குரிய நெறி வேறு என்பது வள்ளுவர் கண்டுணர்த்திய உலகியல்பு. திருமகளும் கலைமகளும் ஒரு மனையில் உறையார் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. இப்பேச்சுப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் ஒரோவழி இவ்விருவரும் ஒரு கூரையின் கீழ் வந்து தங்குவதுமுண்டு. அவ்வாறு தங்கிய மனைகளுள் ஒன்று இங்கிலாந்திலே எசெக்ஸ் மாகாணத்து டெர்லிங் என்னும் சிற்றூரில் உள்ளது. அம்மனைக்கு உரியவராய் வாழ்ந்தவர் மூன்றாம் றேலிப் பிரபு எனப்பட்ட ஜோன் வில்லியம் ஸ்ட்ரட் என்பவர். வானம் நீல நிறமாய்த் தோன்றுவது ஏன் என்ற வினாவுக்குக் கணக்கியல் முறையால் விடை கண்டவர் இவரே. நாம் ஒவ்வொரு கணமும் உள்ளிழுக்கும் காற்றிலே எவரும் அறியாது கலந்து கிடந்த ஆகன் என்னும் வாயுவை வெளிப்படுத்திய இருவருள் ஒருவரும் இவரே.

இவர்தம் ஆராய்ச்சிகளை விஞ்ஞானம் கற்போர் பாடநூல்களிற் கற்பர். இவர் எத்தகைய குடியிற் பிறந்தார், யார் யார் துணையால் வளர்ந்தார், தாம் பெற்ற பெருமையை எவ்வாறு தாங்கினார் என்பன பாடநூலில் இடம்பெறுவதில்லை. வள்ளுவர் குடிமை என ஓர் அதிகாரம் வகுத்தார். குடிமையாவது யாது என்பதை ஆராய்வார்க்கு இப்பிரபுவின் வரலாறு நல்லதோர் உரையாக அமையும்.

குடி வரலாறு

ஸ்ட்ரட் குடும்பத்தினரின் முன்னோர் வாளேந்திப் போர் செய்து பட்டம் பெற்றவரல்லர். எசெக்ஸ் நாட்டிலே தானியம் அரைக்கும் ஆலைகளை நடத்திப் பொருளீட்டியவர்கள். ஆலையால் வந்த பொருள் நிலமாயிற்று. நிலத்தால் வந்த செல்வாக்குப் பாராளுமன்ற ஆசனமாயிற்று. நம் விஞ்ஞானியின் பாட்டனாராகிய கேணல் ஜோசப் ஹோல்டன் ஸ்ட்ரட் என்பார் மோல்டன் தொகுதியின் உறுப்பினராகப் பொதுமக்கள் சபையில் வீற்றிருந்தார். அவருடைய சேவையைப் பாராட்டி அரசு பிரபுப் பட்டம் அளிக்க முன்வந்தபோது, அவர் தமக்கு அது வேண்டாவென விலக்கி, அதனைத் தம் மனைவியாருக்கு அளிக்குமாறு செய்தார். அதனால் 1821ஆம் ஆண்டில் சார்லட் பிட்ஸ்ஜெரல்ட் அம்மையார் முதலாம் றேலிச் சீமாட்டி ஆயினார். எசெக்ஸில் உள்ள றேலி என்னும் ஊரின் பெயரே பட்டப்பெயராயிற்று. தாய் வழியாக அப்பட்டம் மகனுக்கு வந்தது. மகன் பிரபுவாக வாழ்ந்த காலத்திலும் தந்தையார் பட்டமற்ற குடிமகனாகவே இருந்து 1845இல் மறைந்தார் என்பது அக்குடியின் வரலாற்றிற் காணும் ஒரு விநோதம்.

அச்சீமாட்டியார் அயர்லாந்தின் லென்ஸ்ரர் கோமகனுடைய புதல்வியார். அவருடன் பிறந்த எட்வேட் பிட்ஸ்ஜெரல்ட் பிரபு ஆங்கில ஆட்சியை எதிர்த்து அயர்லாந்து மக்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, கைதாகும்போது காயமுற்று, 1798இல் சிறையிலே உயிர் நீத்தவர். ஒரே வயிற்றுப் பிறந்தாருள் ஒருவர் அரசை எதிர்த்து மாண்டார்; மற்றவர் அரசிடமிருந்து பட்டம் பெற்றார். இவ்விரு குருதியும் கலந்த மரபிலேதான் நம் விஞ்ஞானி தோன்றினார்.

இரண்டாம் பிரபுவாகிய ஜோன் ஜேம்ஸ் ஸ்ட்ரட்டுக்கும் கிளாரா விக்காஸ் அம்மையாருக்கும் மூத்த மகவாக ஜோன் வில்லியம் 1842ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி லாங்போட் குரோவ் என்னும் மனையிற் பிறந்தார்.

நோயாளிச் சிறுவன்

பிள்ளைப் பருவத்தில் இவரைக் கண்டோர் இவர் நெடுநாள் வாழ்வார் என எண்ணியிரார். உடல் மிக மெலிவு. ஈற்றன், ஹரோ ஆகிய பெயர் பெற்ற பள்ளிகள் இரண்டிலும் சேர்க்கப்பட்டும், நோயின் காரணமாக இரண்டையும் விட்டு விலக நேர்ந்தது. பின்னர் ரோர்க்கி என்னும் கடற்கரை ஊரில் பாதிரியார் ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் தனியே தங்கிப் பயின்றார்.

1861இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துத் திரினிற்றிக் கல்லூரியிற் புகுந்தார். கணிதம் பயிற்றுவதில் அக்காலத்து இணையற்றவராயிருந்த றூத் என்பார் இவருக்கு ஆசானாக வாய்த்தார். 1865இல் நிகழ்ந்த கணிதத் தேர்வில் ‘சீனியர் ராங்லர்’ எனப்படும் முதலிடம் இவருடையதாயிற்று. அடுத்த ஆண்டு கல்லூரியின் பெலோவாகத் தெரிவு செய்யப்பட்டார்.

இவ்விடத்தே ஒன்று சிந்திக்கற்பாலது. பெருநிலக்கிழாரின் மூத்த மகன் அக்காலத்தில் செய்தற்குரியவை என்று சில இருந்தன. நிலத்தை மேற்பார்த்தல், வேட்டையாடல், பாராளுமன்றம் புகுதல் என்பனவே அவை. கண்ணாடிக் குழாயும் கம்பியும் கொண்டு அறைக்குள் அடைபட்டுக் கிடத்தல் பிரபு குலத்துக்கு ஏற்ற தொழிலன்று என்பதே ஊரார் கருத்து. ஜோன் வில்லியம் அக்கருத்தோடு வழக்காடவில்லை. அமெரிக்கப் பயணம் ஒன்றை முடித்து 1868இல் மீண்டதும், பரிசோதனைக் கருவிகள் சிலவற்றை விலைக்கு வாங்கி, டெர்லிங் மாளிகையிலேயே ஓர் ஆய்வுகூடத்தை அமைத்துக்கொண்டார். வீட்டை விட்டு விஞ்ஞானத்தைத் தேடிச் செல்லாது, விஞ்ஞானத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார் எனலாம்.

இல்லறமும் நூலும்

கல்லூரியில் இவருக்கு நண்பராயிருந்தவர் ஆதர் பல்பர். இவரே பின்னாளில் 1902 முதல் 1905 வரை பிரித்தானியாவின் பிரதம மந்திரியாக விளங்கியவர். நண்பரின் தமக்கையாகவோ தங்கையாகவோ வருபவரை மணத்தல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம். 1871ஆம் ஆண்டு யூலை மாதம் ஜோன் வில்லியம் பல்பரின் சகோதரியாகிய எவ்லின் அம்மையாரை மணந்தார். மணம் புரிந்தவர் கல்லூரிப் பெலோ பதவியை வகித்தல் ஆகாது என்பது அக்காலத்து விதி. இல்லறத்தின் பொருட்டுப் பதவியைத் துறந்தார்.

மறு ஆண்டு வாதசுரம் கடுமையாகப் பற்றியது. உயிர் பிழைத்தது அரிது. குளிர்காலத்தை வெப்பநாட்டிற் கழிக்குமாறு வைத்தியர் பணிக்க, கணவனும் மனைவியும் எகிப்து சென்று நைல் நதியிற் படகு வீட்டிற் பயணஞ் செய்தனர். பிறராயின் பிரமிட்டுகளைக் கண்டு பொழுதைப் போக்கியிருப்பர். இவரோ நூலகம் அருகில் இல்லாத அப்படகிலே அமர்ந்து, ஒலியின் இயல்பை முற்ற ஆராயும் பெருநூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். ‘ஒலிக் கொள்கை’ எனப் பொருள்படும் பெயருடைய அந்நூல் 1877இலும் 1878இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. நூற்றாண்டு கடந்தும் ஒலியியலாருக்கு அது மூலநூலாக நிற்கின்றது.

1873இல், தந்தையார் இறந்தார். முப்பது வயதில் இவர் மூன்றாம் றேலிப் பிரபுவானார். ஏழாயிரம் ஏக்கர் நிலமும் அதன் குத்தகைக் கணக்குகளும் இவர் தோள்மேல் ஏறின. மூன்றாண்டுகள் அச்சுமையைச் சுமந்தார். 1876இல் அதனைத் தம் இளவல் எட்வேட்டிடம் முற்றாக ஒப்படைத்தார். எட்வேட்டுக்கு அப்போது வயது இருபத்திரண்டே. அவ்விளைஞர் வேளாண்மையையும் பாற்பண்ணையையும் நுணுகிக் கற்று, பின்னர் இங்கிலாந்தின் தலைசிறந்த பண்ணையாளருள் ஒருவராய்ப் பெயர் பெற்றார். தமையன் கருவிகளோடு வாழத் தம்பி கழனியைக் காத்தார். தம்பி கணக்கைப் பாராதிருந்தால் தமையன் கணிதம் செய்திருத்தல் இயலாது. விஞ்ஞான வரலாற்றில் எட்வேட்டின் பெயர் எழுதப்படுவதில்லை, எழுதப்பட வேண்டியது.

வானத்தின் நீலம்

மணம் புரிந்த அதே 1871ஆம் ஆண்டிலேதான் வானத்தின் நீல நிறம்பற்றிய ஆராய்ச்சியும் வெளிவந்தது. ஞாயிற்றின் வெண்கதிரிலே எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன. சிவப்பொளியின் அலை நீண்டது, நீலத்தின் அலை குறுகியது. அலையினும் மிகச் சிறிய துகளொன்று ஒளியின் வழியில் நிற்குமாயின், அத்துகள் ஒளியை நாற்றிசையும் சிதறடிக்கும். எவ்வளவு சிதறடிக்கும் என்பதே வினா. அலைநீளம் பாதியாகக் குறையின் சிதறல் பதினாறு மடங்காகும் என்பது றேலி கண்ட விதி. எனவே நீலமே மிகுதியாகச் சிதறி வானெங்கும் பரந்து நம் கண்ணுக்கு வருகின்றது. மாலையில் ஞாயிறு அடிவானிற் சாயும்போது அதன் கதிர் நெடுந்தூரம் காற்றினூடு வருதலால், நீலம் வழியிலேயே சிதறிப் போக, எஞ்சிய செம்மையே நம்மை அடைகின்றது.

சிதறடிக்கும் அத்துகள் யாது? தூசியா, நீர்த்திவலையா, வேறொன்றா? 1873இல் பேரறிஞர் மக்ஸ்வெல் றேலிக்கு எழுதிய கடிதமொன்றில் காற்றின் மூலக்கூறுகளைப் பற்றி இவ்வினாவை எழுப்பியிருந்தார். ஆறாண்டுகளில் மக்ஸ்வெல் மறைந்தார். றேலி கடிதத்தை மறக்கவில்லை. 1899இல், காற்றின் மூலக்கூறுகளே நீலத்தைத் தோற்றுவிக்கப் போதுமானவை எனக் கணக்கிட்டுக் காட்டியபோது, இறந்தவரின் கடிதத்தை எடுத்துக்காட்டி, அவர் எழுப்பிய வினாவுக்கு விடையாகவே அதனை வெளியிட்டார். டார்ஜிலிங் அருகே நின்று நோக்குவார்க்கு 100 மைல் தொலைவிலுள்ள எவரெஸ்ட் சிகரம் ஒளியுடன் தோன்றுவதையும் அக்கட்டுரையிற் கருத்திற்கொண்டு ஆராய்ந்தார்.

கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டு

மக்ஸ்வெல் 1879இல் மறைந்தபோது கவெண்டிஷ் ஆய்வுகூடத்துப் பேராசிரியர் பதவி வெறுமையாயிற்று. அவ்விடத்துக்கு றேலியை அழைத்தனர். பிரபு ஒருவர் ஊதியம் பெறும் ஆசிரியராவதா என வியந்தோர் உளர். அக்காலத்தில் இங்கிலாந்தின் வேளாண்மை நலிவுற்று நிலவருவாய் குன்றியிருந்ததும் அவர் இசைந்தமைக்கு ஒரு காரணம். எக்காரணத்தால் ஏற்றாரேனும், ஏற்ற பணியைக் குறைவறச் செய்தார். ஆய்வுகூடத்துக்குக் கருவிகள் போதவில்லையெனக் கண்டு 1,500 பவுண் நிதி திரட்டியதோடு, தம் கைப்பொருளும் ஈந்தார். மாணவர் கருவியைத் தம் கையாலே தொட்டுப் பயிலும் வகுப்புகளை ஒழுங்குபடுத்தினார். அவ்வகுப்புகளிற் பெண்களையும் ஆடவரோடு ஒப்ப அனுமதித்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க இசைந்தது 1948இலே என்பதை நினைப்பார்க்கு இதன் அருமை புலனாகும்.

இங்கே குடும்பத்தில் வேறொருவரை அறிமுகஞ் செய்தல் வேண்டும். எவ்லின் அம்மையாரின் சகோதரியார் எலினோர். அவர் ஹென்றி சிட்ஜ்விக் என்னும் தத்துவப் பேராசிரியரை மணந்தவர், கணிதத்தில் வல்லவர். மின்தடைக்கும் மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உரிய அளவுகளைப் பிழையறத் துணியும் பெரும்பணியை றேலி மேற்கொண்டபோது, அளவீடுகளை எடுப்பதிலும் கணக்கிடுவதிலும் அவருக்கு உறுதுணையாக நின்றவர் இவ்வம்மையார். அதுவரை வழங்கிய மின்தடை அலகு இருக்கவேண்டிய அளவினும் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குமேற் குறைந்திருந்தது என அவ்வாராய்ச்சியால் வெளிப்பட்டது. முடிவுகளை வெளியிட்ட கட்டுரைகளுள் மூன்றில் றேலியின் பெயரோடு சிட்ஜ்விக் அம்மையாரின் பெயரும் ஆசிரியர் பெயராகவே அச்சேறியது. ‘உதவிக்கு நன்றி’ என ஒரு வரியிலே முடித்திருக்கலாம். உலகம் அதனையும் பெருந்தன்மை என்றே புகழ்ந்திருக்கும். உழைத்தவர் பெயர் உழைப்பின்மேலேயே இருத்தல் வேண்டும் என்பது றேலியின் கொள்கை. அவ்வம்மையார் 1892 முதல் 1910 வரை நியூன்ஹாம் மகளிர் கல்லூரியின் தலைவியாகப் பணியாற்றினார்.

இக்குடும்பத்துக்குத் துயரமும் நேர்ந்தது. எவ்லின், எலினோர் ஆகியோரின் இளைய சகோதரர் பிரான்சிஸ் பல்பர் கருவியல் ஆராய்ச்சியிற் பெரும்பெயர் பெற்று, 1882இல் கேம்பிரிட்ஜிலே பேராசிரியராக நியமிக்கப்பட்டவர். அதே ஆண்டு யூலை மாதம் அல்ப்ஸ் மலையில் ஏறும்போது வீழ்ந்து இறந்தார். அவருக்கு வயது முப்பது.

1884இல் றேலி பதவியைத் துறந்து டெர்லிங்குக்கு மீண்டார். அவருக்குப்பின் அவ்வாசனத்தில் அமர்ந்தவர் இலத்திரனைப் பின்னாளிற் கண்டறிந்த ஜே. ஜே. தொம்சன்.

ஆயிரத்தில் ஐந்து

இனி றேலியின் பெயரை உலகறியச் செய்த ஆராய்ச்சிக்கு வருவோம். வாயுக்களின் அடர்த்தியைத் திட்பமாக அளந்தறிய விரும்பி, அவர் பல ஆண்டுகளை நிறுத்தற் பணியிலே செலவிட்டார். ஐதரசனையும் ஒட்சிசனையும் நிறுத்த பின் நைதரசனை எடுத்துக்கொண்டார். காற்றிலிருந்து ஒட்சிசனை நீக்கி எஞ்சியதை நிறுத்தார். பிறகு அமோனியாவிலிருந்து பெற்ற நைதரசனையும் கலந்து பெற்று நிறுத்தார். இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேற்றுமை தென்பட்டது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கியோர் இந்நிலையை அறிவர். ஒரே செய்யுளுக்கு இரு சுவடியில் ஓரெழுத்து வேறுபட்டிருக்கும். கருத்தற்றவன், ஏடெழுதினோன் பிழை என ஒன்றைத் தள்ளிவிடுவான். கருத்துடையவன், இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது என ஆராய்வான். சில வேளை அவ்வோரெழுத்தே மறைந்துபோன பாடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆயிரத்தில் ஒன்று அற்பமென விட்டிருந்தால் றேலியைக் குறைகூற எவரும் இலர். அவரோ வேற்றுமையைக் குறைக்க முயலாது பெருக்க முயன்றார். அமோனியா முறையிலே தாம் பயன்படுத்தியது காற்றின் ஒட்சிசனாதலால், பெற்ற நைதரசனின் பெரும்பகுதி காற்றிலிருந்தே வந்தது என்பதை உணர்ந்தார். தூய ஒட்சிசனைக் கொண்டு அமோனியாவிலிருந்தே நைதரசன் முழுவதையும் பெற்றார். வேற்றுமை ஆயிரத்தில் ஐந்தாக வளர்ந்தது. காற்றிற் பெற்ற வாயு 2.310 கிராம் நிறுத்த கலத்தில், இரசாயன முறையாற் பெற்றது 2.299 கிராமே நின்றது. மீண்டும் மீண்டும் நிறுத்தும் இவ்வேற்றுமை மாறவில்லை.

இவ்விடத்திலேதான் அம்மனிதரின் பெருமை விளங்குகின்றது. அவர் 1892இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான வார இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தகைய வேற்றுமையைத் தாம் கண்டதாகவும், காரணம் தமக்கு விளங்கவில்லையெனவும், இரசாயனம் அறிந்தோர் விளக்குமாறும் வேண்டினார். பேராசிரியராயிருந்து உலகப் புகழ்பெற்ற பிரபு, ‘எனக்கு விளங்கவில்லை’ என ஊரறியச் சொன்னார். பதவியிலிருப்போர் வாயிலிருந்து எளிதில் வராத சொல் அது.

அவ்வழைப்பை ஏற்று 1894இல் முன்வந்தவர் இலண்டனில் இரசாயனப் பேராசிரியராயிருந்த வில்லியம் றாம்சே. அவர் காற்றின் நைதரசனைச் சூடேறிய மக்னீசியத்தின் மீது மீண்டும் மீண்டும் செலுத்தி உறிஞ்சச் செய்தார். றேலியோ நூறாண்டுகளுக்கு முந்திய ஒரு பரிசோதனையைக் கையாண்டார். 1785இல் ஹென்றி கவெண்டிஷ் மின்பொறியாற் காற்றின் நைதரசனை ஒட்சிசனோடு சேர்த்து நீக்கியபோது, 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத சிறு குமிழி ஒன்று எஞ்சிற்று. அதனை அவர் மறையாமற் குறித்து வைத்தார். நூறாண்டு அக்குறிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. அக்குமிழியே புதிய வாயு. காற்றிலே நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது கலந்துள்ளது. எதனோடும் சேராத அதன் இயல்பை நோக்கி, சோம்பல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ‘ஆகன்’ எனப் பெயரிட்டனர்.

1894 ஓகஸ்ட் மாதம் ஒக்ஸ்போட் நகரில் இக்கண்டுபிடிப்பை முதலில் அறிவித்தனர். 1895 சனவரியில் றோயல் சங்கத்தின்முன் விரிவாக வைத்தனர். இருவர் வெவ்வேறிடத்தில் வெவ்வேறு முறையால் ஒரே பொருளைக் கண்டால் யார் முந்தினார் என்ற பூசல் எழுதல் இயல்பு. இவர்களோ ஒரே கட்டுரையை இருவர் பெயரிலும் வெளியிட்டனர். ஈலியத்தைப் பூமியிற் கண்டும், நேயன், கிரிப்தன், செனன் ஆகியவற்றை வெளிப்படுத்தியும் றாம்சே அவ்வழியில் மேலுஞ் சென்றார். 1904இல் றேலிக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசும், றாம்சேக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசும் கிட்டின. அவ்வாண்டில் மைத்துனர் பல்பர் நாட்டின் பிரதம மந்திரி. பரிசுப் பணத்தை றேலி தமக்கென வைத்துக்கொள்ளாது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தார். தாம் ஐந்தாண்டு பணியாற்றிய ஆய்வுகூடம் அதனால் விரிவடைந்தது.

புறக்கணிக்கப்பட்ட ஏடு

கவெண்டிஷின் குமிழி போலவே புறக்கணிக்கப்பட்ட ஏடொன்றையும் றேலி மீட்டார். இவர் 1885 முதல் றோயல் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அச்சங்கத்தின் பழைய சுவடிகளிடையே வாட்டர்ஸ்டன் என்பார் எழுதிய கட்டுரை ஒன்று இவர் கைக்கு வந்தது. வாயுவின் மூலக்கூறுகள் இடையறாது இயங்குகின்றன என்றும், அவ்வியக்கமே வெப்பம் என்றும் விளக்கிய அக்கட்டுரையை, பம்பாயிலே மாலுமிகளுக்கு ஆசிரியராயிருந்த வாட்டர்ஸ்டன் 1845இல் அனுப்பியிருந்தார். மதிப்பிட்டோர் அதனைப் பயனற்றதென ஒதுக்கினர். அதே உண்மைகளைப் பின்னர் வேறு அறிஞர் கண்டு புகழ் பெற்றனர். வாட்டர்ஸ்டனோ 1883இல் ஒருநாள் உலாவச் சென்றவர் மீளவேயில்லை. றேலி அக்கட்டுரையைத் தாமே முன்னுரை எழுதி 1892இல் சங்கத்தின் வெளியீட்டிலே அச்சேற்றினார். சங்கத்தின் தவற்றைச் சங்கத்தின் செயலாளரே ஒப்புக்கொண்டு திருத்திய செயல் அது.

இதற்கு முன்னர் இவருக்கே ஒரு வேடிக்கை நேர்ந்தது. 1886இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்துக்கு இவர் அனுப்பிய கட்டுரையில் பெயர் எவ்வாறோ விடுபட்டது. ஏதோ கிறுக்கன் எழுதியதெனக் குழுவினர் அதனை மறுத்தனர். எழுதியவர் றேலிப் பிரபு எனத் தெரிந்ததும் கட்டுரையிலே சிறப்புகள் பல தோன்றலாயின. பெயரைப் பார்த்து மதிப்பிடும் உலகத்தை இவர் இவ்வாறு நேரிற் கண்டவர். வாட்டர்ஸ்டனுக்குப் பட்டமும் இல்லை, பிரபு மைத்துனரும் இல்லை.

தந்தையும் மகனும்

1905 முதல் 1908 வரை றோயல் சங்கத்தின் தலைவர், 1908 முதல் இறுதிவரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் எனப் பதவிகள் இவரைத் தேடி வந்தன. 1902இல் புதிதாக ஏற்படுத்தப்பட்ட ‘ஓர்டர் ஒவ் மெரிற்’ என்னும் உயர்விருதைப் பெற்ற முதல் அணியில் இவரும் ஒருவர். விருது பெற்ற வேளையில், ஆராய்ச்சியில் தாம் அடைந்த இன்பமன்றித் தம்மிடம் தகுதி வேறில்லை என்னும் கருத்துப்படப் பேசினார்.

இவருடைய மூத்த மைந்தர் றோபேட் ஜோன் 1875இற் பிறந்தவர். தந்தையின் வழியையே பற்றிப் பௌதிகம் பயின்று, 1908இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியரானார். பாறைகளில் அடங்கிய ஈலியத்தை அளந்து அவற்றின் வயதை மதிப்பிடும் ஆராய்ச்சியிலும், வளிமண்டலத்து ஓசோன் பற்றிய ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றார்.

தூசியற்ற தூய காற்றே ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தரும் என்று தந்தையார் கணக்கினாற் காட்டினார் அன்றோ?  மகன் 1918இல் தூசி முழுதும் நீக்கிய காற்றை ஒரு கலத்தில் அடைத்து, வலிய ஒளிக்கற்றை ஒன்றை அதனுட் செலுத்திப் பக்கத்தினின்று நோக்கினார். மங்கிய நீலவொளி தென்பட்டது. வானத்தின் ஒரு துண்டைக் கலத்துள் அடைத்தாற்போன்ற காட்சி அது. முதற்கட்டுரை எழுதி நாற்பத்தேழு ஆண்டு கழிந்தபின், தம் கருத்து மெய்யானதைத் தம் மைந்தர் கையாலே காணும் பேறு எழுபத்தைந்து வயதுத் தந்தைக்குக் கிடைத்தது. பிள்ளைகள் தம்மினும் அறிவுடையராதல் பெற்றோர்க்கு இன்பம் என்பது நம் முன்னோர் கண்டதே.

மறு ஆண்டு, 1919 யூன் 30ஆந் திகதி, றேலிப் பிரபு டெர்லிங் மாளிகையில் உயிர் நீத்தார். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 446. மைந்தர் நான்காம் பிரபுவாகிப் பேராசிரியப் பதவியை விடுத்து, தந்தையின் ஆய்வுகூடத்திலேயே தம் பணியைத் தொடர்ந்தார். 1924இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். இரவு வானின் மெல்லொளியை அளக்கும் அலகுக்கு வழங்கும் ‘றேலி’ என்னும் பெயர் 1947இல் மறைந்த இம்மைந்தரைக் குறித்ததே. பகல் வானத்தின் நீலம் தந்தைக்கு, இரவு வானத்தின் ஒளி மகனுக்கு எனப் பங்கிட்டுக்கொண்டனர் போலும்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்தவர் கண்ட பிழை

றேலி பிழையே செய்யாதவரல்லர். ஆழ்கடலின் நீலம் நீரின் நிறமன்று, வானத்து நீலத்தின் எதிரொளியே என 1910இல் அவர் கருதினார். 1921இல் மத்தியதரைக் கடலிற் கப்பலிற் சென்ற ஓர் இந்திய விஞ்ஞானி, எதிரொளியை நீக்கிக்காட்டும் ஒரு சிறு பட்டகத்தினூடே கடலை நோக்கினார். வானத்தின் எதிரொளியை விலக்கிய பின்னும் கடல் நீலமாகவே தோன்றிற்று. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என அவர் துணிந்தார். அவரே திருச்சிராப்பள்ளியில் 1888இற் பிறந்த சேர் சி. வி. இராமன். அவ்வழியே சென்று 1928இல் இராமன் விளைவைக் கண்டு, 1930இல் நோபல் பரிசும் பெற்றார். றேலி வகுத்த சிதறல் விதியைக் கைக்கொண்டே றேலியின் பிழை திருத்தப்பட்டது. அப்போது றேலி உயிரோடில்லை. இருந்திருப்பின் வருந்தியிருப்பார் என எண்ண இடமில்லை. தம் நிறுவையிற் கண்ட வேற்றுமையைத் தாமே உலகுக்கு அறிவித்தவர் அவர்.

பாட்டனார் தமக்கு வந்த பட்டத்தை மனைவியாருக்கு ஆக்கினார். பேரர் மக்ஸ்வெல்லின் வினாவை மக்ஸ்வெல்லுக்கும், எலினோர் அம்மையாரின் உழைப்பை அவருக்கும், மறக்கப்பட்ட ஏட்டை வாட்டர்ஸ்டனுக்கும் உரியதாக்கினார். பிறர்க்குரியதைப் பிறர்க்கே ஆக்குதலும், தம் பிழையெனத் தோன்றுவதை மறையாமையும் அக்குடியின் ஒழுக்கமாக அமைந்தன. குடிமை என வள்ளுவர் குறித்தது இதனையே போலும். றேலி என்னும் பட்டத்தை அரசர் அளித்தார். அப்பெயர் இன்று வானத்தோடு சேர்த்து எண்ணப்படுவதற்குக் காரணம், ஆயிரத்தில் ஐந்தையும் அற்பமென எண்ணாத ஒருவர் அதனைத் தாங்கியிருந்தமையே.